வியாழக்கிழமை நாலு மணி இருமல்

என் அன்புக்கும் அச்சத்துக்கும் சம அளவில் உரிய தங்கைக்கு,

உன் ஒரே அண்ணனும், உன் வீட்டின் பன்னிரண்டு நாள் தற்காலிகப் பொறுப்பாளனும் ஆகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே உன் மகளும் மகனும் தேக சௌக்கியத்துடன் இருக்கிறார்கள். நானும் இருக்கிறேன். வீடும் இருக்கிறது. அங்கே நீயும் உன் அலுவலகப் பயிற்சி வகுப்பும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடல் தாண்டி வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல். அவருடைய புதுச் சக்கரப் பெட்டியைப் பற்றி அவராகக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்று.

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவதை யாரும் நம்ப மாட்டார்கள் என்று முதலிலேயே உறுதி கூறுகிறேன். நீ நம்ப மாட்டாய். உன் பக்கத்து அறையில் தங்கியிருப்பவரிடம் வாசித்துக் காட்டினால் அவரும் நம்ப மாட்டார். கூடவே இருந்து கண்ணால் பார்த்தவன் நான், எனக்கே நேற்று வரைக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது. போனில் சொல்லியிருப்பேன். ஆனால் கிளம்பும்போது வாசலில் நின்று நீ சொன்ன வார்த்தை காதிலேயே நிற்கிறது: "நீ போன்ல பேசினா ஒரு வார்த்தை நம்ப மாட்டேண்ணா. எதுவா இருந்தாலும் எழுத்துல குடு. நாளைக்கு எடுத்துக் காட்டலாம்." ஆகவே எழுத்தில் தருகிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

நீ எனக்கு இட்டுப்போன கட்டளைகள் மூன்று. பிள்ளைகளைத் தெருக் குப்பை எதையும் தூக்கி வர விடாதே, இது ஒன்று. மின்சாரச் சாமான் எதையும் திறக்க விடாதே, இது இரண்டு. மூன்றாவதுதான் பெரியது. லேண்ட்லைனைத் துண்டிக்கச் சொல்லி நீ எழுதி வைத்த விண்ணப்பத்தைத் திங்கட்கிழமை தொலைபேசி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்கும்போது நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தூக்குத் தண்டனைக் கைதியிடமே கயிறு வாங்கி வரச் சொன்ன மாதிரி இருந்தது. காரணம் எனக்குத் தெரியாதா? ஆறு வருஷமாக, வியாழக்கிழமை தோறும், சரியாக நாலு மணிக்கு, வாரத்தில் உனக்கு இருக்கும் ஒரே விடுமுறை நாளில் நீ ஒரே ஒரு மணி நேரம் கண்ணயரும்போது, அந்த போன் அடிக்கிறது. எடுத்தால் ஆள் இல்லை. "பீப்" என்று ஒரு சத்தம். மூன்று விநாடி மௌனம். மறுபடி "பீப்." இதை ஆறு வருஷமாக நான்தான் செய்கிறேன் என்று நீ தீர்ப்பு எழுதிவிட்டாய். சாட்சியம் என்ன? ஒரு வியாழக்கிழமை அந்தப் பீப்புக்கு நடுவில் ஒரு இருமல் கேட்டதாம், அது என் இருமலாம்! அடி தங்கச்சி, உலகத்தில் நான் ஒருவன்தான் இருமுகிறேனா? அந்த ஒரு இருமலுக்காக உன் வீட்டுச் சாவி எனக்குத் தரப்படவில்லை. குடும்பப் படத்தில் என்னை ஓரத்தில் நிற்க வைத்தாய். இந்தப் பன்னிரண்டு நாள் கூட, கேட்ட ஏழு பேரும் கையை விரித்த பிறகுதான் எனக்கு அழைப்பு வந்தது என்பது எனக்குத் தெரியும்.

சரி, நடந்ததற்கு வருகிறேன். நீ போன மறுநாள், மூன்றாவது தெருவில் இருக்கும் அந்தப் பழைய கணக்காய்வு அலுவலகத்தைக் காலி செய்தார்கள். நடைபாதையில் ஒரு மலை. மலை என்றால் சும்மா இல்லை, அதன் உச்சியில் மேகம் தட்டியது. தொந்தி வைத்த பழைய கணினித் திரைகள், ஊசியால் குத்திக் குத்தி அச்சடிக்கும் பிரிண்டர், செங்கல் மாதிரி கனக்கும் கால்குலேட்டர்கள், கேசட் போடும் ரெக்கார்டர், எல்லாவற்றுக்கும் மேலே, போனும் பிரிண்டரும் கல்யாணம் பண்ணிப் பெற்ற பிள்ளை மாதிரி ஒரு ஃபேக்ஸ் மிஷின். குப்பை லாரி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. உன் மகன் அங்கேயே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். எட்டு வயசுப் பிள்ளைக்குக் கண்ணில் தண்ணி! "மாமா, அது உள்ளே என்ன இருக்குன்னு யாருக்குமே தெரியாம நசுக்கப்போறாங்க" என்கிறான். நான் கல்லா? உன் மகள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, "அம்மா வேண்டாம்னு சொல்லியிருக்காங்க" என்றாள். (அவளுக்குப் பதினொரு வயசிலேயே நான் ஜட்ஜம்மா என்று பட்டம் கொடுத்திருக்கிறேன். பார்க்கிற எல்லாவற்றையும் பிரித்துப் போடும் சின்னவனுக்குக் கழட்டி என்று பேர்.) நான் சட்டத்தை அலசினேன். "அம்மா குப்பையைத் தூக்கி வரக்கூடாதுன்னாங்க. லாரி ஏறினாத்தானே குப்பை? இன்னும் ஏறலையே?" ஜட்ஜம்மா லாரியை ஒரு தடவை பார்த்துவிட்டு, "அப்ப சீக்கிரம்" என்றாள்.

எப்படிக் கொண்டுவருவது? தலையில் தூக்கினேன், தலை சம்மதிக்கவில்லை. ஓடிவந்து மாப்பிள்ளையின் சக்கரப் பெட்டியை எடுத்தேன். போகவர பன்னிரண்டு நடை. லாரிக்காரர் முதலில் முறைத்தார், பிறகு அவரே இறங்கி ரெண்டு சாமானை எடுத்துக் கொடுத்து, "எங்க வீட்டு வாண்டும் இப்படித்தான் சார்" என்று சொல்லி இன்னும் ரெண்டு நிமிஷம் வண்டியை மெதுவாக ஓட்டினார். கடைசி நடையில் பெட்டியின் ஒரு சக்கரம் எங்களை விட்டுத் தனியாகப் பிரிந்து, இறக்கத்தில் உருண்டு, சைக்கிளை முந்தி, பஸ்ஸை முந்தி, ஊர் எல்லையைத் தாண்டிப் போனதாகக் கடைசியாகக் கிடைத்த தகவல்.

அப்புறம் உன் கூடம் கூடமாக இல்லை, ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. ஜட்ஜம்மா ஒரு சட்டப் புத்தகமே எழுதிச் சுவரில் ஒட்டினாள். திறப்பதற்கு முன் பிளக் கையில் இருக்க வேண்டும், சுவரில் இருக்கக்கூடாது. கழற்றிய திருகாணி எந்தக் குழியில் இருந்ததோ அதே வரிசையில் முட்டை அட்டையில் வைக்க வேண்டும். தொந்தித் திரையை யாரும் தொடக்கூடாது, அது அணைத்த பிறகும் ஷாக்கால் கடிக்கும். மாமா ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்குமுன் அனுமதி கேட்க வேண்டும். இந்தக் கடைசிச் சட்டம் எனக்காகவே இயற்றப்பட்டது. நான் மீறினேன். கேசட் ரெக்கார்டரை என் பாட்டுக்குச் சுவரில் சொருகினேன். மின்சாரம் என்னைத் தூக்கிக் கூரையில் அடித்து, விசிறியோடு மூன்று சுற்றுச் சுற்றி, பதமாக நாற்காலியிலேயே இறக்கி வைத்தது. அதற்குப் பிறகு நானும் அனுமதி கேட்கிறேன்.

பிரிண்டரின் வயிற்றில் ஒரு கரப்பான் குடும்பம் நாலு தலைமுறையாகக் குடியிருந்ததைக் கண்டோம். பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினோம், தும்மினோம், ரப்பர் உருளையைத் துடைத்தோம். கால்குலேட்டரில் ஒரு பொத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது, அதை விடுவிக்கும் வேலையில் கழட்டிப் பயல் ஒரு மத்தியானம் முழுக்க மூச்சுக்கூட விடவில்லை. அந்தப் பொத்தான் "டிக்" என்று மேலே எழும்பியபோது அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இதை மட்டும் நான் கொஞ்சமும் மிகைப்படுத்தவில்லை, மிகைப்படுத்த வழி இல்லை.

ஃபேக்ஸ் மிஷினில் குறையே இல்லை. காகிதம்தான் இல்லை. எழுதுபொருள் கடையில் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, ஏணி போட்டு ஏறி, எங்கோ உள்ளே கையை விட்டு ஒரு சுருளை எடுத்தார். "இதைக் கேட்டு ஒரு ஆள் வந்து எட்டு வருஷம் ஆச்சு. இனிமே யாரு வரப்போறான்னு எலிக்கு விட்டு வச்சிருந்தேன்." சுருளை மாட்டினோம். வயர் எங்கே போகிறது என்று கழட்டிப் பயல் தேடினான். உன் லேண்ட்லைன் வயரைப் பிடுங்கி அதில் சொருகினான். நான் விண்ணப்பத்தைக் கொடுக்கப் போகாமல் இருந்ததற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் அவன் வயர் போகும் பாதையைப் படம் வரைந்துவிட்டான், அதுவும் ஒரு காரணம்.

வியாழக்கிழமை வந்தது. மூன்று ஐம்பத்தொன்பது. நாங்கள் மூவரும் மிஷினுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தோம். நாலு. போன் அடித்தது. நான் உங்கள் வீட்டுக் கூடத்தில், உன் இரண்டு பிள்ளைகளின் கண்ணுக்கு முன்னால், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், போன் அடிக்கிறது! தங்கச்சி, இந்த வாக்கியத்தின் அடியில் சிவப்புக் கோடு போட்டுக்கொள். மிஷின் தானே எடுத்தது. "பீப்." பிறகு பத்து பூனைகள் சண்டை போடும் சத்தம். பிறகு அமைதி. பிறகு, வாயிலிருந்து நாக்கு வருவதுபோல, மெல்ல மெல்ல ஒரு காகிதம் வந்தது.

கையால் எழுதிய கடிதம் அது. ஜட்ஜம்மா சத்தமாக வாசித்தாள். ஏதோ ஒரு கம்பெனியின் பழைய தாளில், அதன் கிடங்கைக் காக்கும் வாட்ச்மேன் தலைமை அலுவலகத்துக்கு எழுதியது. மனப்பாடமாகத் தருகிறேன்:

"மேலாளர் ஐயா அவர்களுக்குப் பணிவான வணக்கம். இந்த வார அறிக்கை. பூட்டு நலம். கூரை பழைய இடத்திலேயே ஒழுகுகிறது, புது இடம் எதுவும் இல்லை. சென்ற வாரம் உள்ளே போன எலி இன்னும் வெளியே வரவில்லை, கவனித்து வருகிறேன். என் பேத்தி பிறந்ததைப் பார்த்துவர நான்கு நாள் விடுப்பு கேட்டிருந்தது தங்கள் நினைவில் இருக்கும். அவளுக்கு இப்போது முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. புதிது முளைப்பதற்குள் பார்க்க விருப்பம். நினைவூட்டல் எண் முந்நூற்று ஒன்பது."

கழட்டிதான் முதலில் கேட்டான். "ஏன் மாமா, நம்ம வீட்டுக்கு ஏன் அனுப்பறாரு?" எனக்குப் புரிந்துவிட்டது: ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ இணைப்பு வாங்கியபோது, அந்தக் கம்பெனி விட்டுப்போன எண்ணை எடுத்து உனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கம்பெனி எல்லோருக்கும் புது எண்ணைச் சொன்னது, கிடங்கு வாட்ச்மேனைத் தவிர. அவர் வாரம் தவறாமல் உன் தூக்கத்துக்கு அறிக்கை அனுப்பிக்கொண்டிருக்கிறார். நான் எழுந்து நின்று, "நிரபராதி!" என்று கத்தினேன். ஜட்ஜம்மா, "உக்காருங்க மாமா, இப்ப அதுவா முக்கியம்?" என்றாள். உட்கார்ந்தேன்.

பத்து நிமிஷத்தில் மறுபடி மணி. இன்னொரு காகிதம். இதை வாசிக்கும்போது ஜட்ஜம்மாவின் குரலே கொஞ்சம் இறங்கிவிட்டது.

"ஐயா, தொந்தரவுக்கு மன்னிக்கவும். ஒவ்வொரு வாரமும் அறிக்கை அனுப்பியதும் இயந்திரம் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட வரியோடு சீட்டு தரும். தங்கள் பதில் என்று எண்ணி, வாசிக்கத் தெரியாவிட்டாலும் தேதிவாரியாக எல்லாவற்றையும் கோப்பில் வைத்திருக்கிறேன். இன்று முதல்முறையாக 'ஓகே' என்று மட்டும் வந்திருக்கிறது. இது அறிக்கைக்கு ஓகேயா, விடுப்புக்கு ஓகேயா என்று தெரியவில்லை. தெரியாமல் பூட்டை விட்டுப் போக மனம் வரவில்லை. அடுத்த வியாழன் வரை காத்திருக்கிறேன்."

புரிகிறதா உனக்கு? அத்தனை வருஷமும் அவர் மிஷின், "போய்ச் சேரவில்லை, போய்ச் சேரவில்லை" என்று சீட்டுச் சீட்டாக அடித்துக் கொடுத்திருக்கிறது. அந்த மனுஷன் அதையெல்லாம் மேலாளர் கையெழுத்து மாதிரி ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறார்!

கழட்டிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நாமே போகச் சொல்லிடலாம் மாமா, மேனேஜர்னு கையெழுத்து போடுங்க!" என்றான். நான் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டேன், பெருந்தன்மையாக நாலு நாளுக்குப் பதில் நாற்பது என்று எழுத நினைத்தேன். ஜட்ஜம்மா பேனாவைப் பிடுங்கினாள். "பொய்க் கையெழுத்துன்னு தெரிஞ்சா அவர் வேலைதான் போகும். உங்க வேலையா போகும்?" எனக்கு வேலை இல்லை என்பதைப் பிள்ளைகள் முன்னால் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை, ஆனாலும் அவள் சொன்னது நியாயம். கம்பெனியையே கேட்போம், காலையில் போன் போடுவோம் என்று முடிவாயிற்று. அவருடைய எண் காகிதத்தின் தலையில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது, பதில் கிடைத்ததும் திருப்பி அனுப்புவோம், முடிந்தது கதை என்று நான் சமையலறைக்குப் போனேன்.

இங்கேதான் விதி இஸ்திரிப் பெட்டி ரூபத்தில் வந்தது. சுருளிலிருந்து வந்த காகிதம் சுருண்டு சுருண்டு கொள்ளும் இல்லையா? வாட்ச்மேன் தாத்தா ஒழுங்காகக் கோப்பில் வைக்கிறாரே, நாமும் வைக்க வேண்டும் என்று கழட்டிக்கு ஆசை. பள்ளிச் சீருடையைத் தேய்க்காமல் போட விடாத உன் வளர்ப்பில் வந்த பிள்ளை அல்லவா, சுருக்கம் என்றால் இஸ்திரி போட வேண்டும் என்று தெரியும். இரண்டு காகிதத்தையும் மேசையில் பரப்பி, சூடாக, அழுத்தி, ஓரம் மடங்காமல் ஒரு தேய் தேய்த்தான். அந்தக் காகிதத்துக்கு மையே கிடையாது தங்கச்சி! சூட்டில்தான் அதில் எழுத்தே வருகிறது. முழுக்கச் சூடு காட்டினால் முழுக்க எழுத்துதான். நான் ஓடிவந்து பார்த்தபோது இரண்டு தாளும் அமாவாசை மாதிரி இருந்தன. வாட்ச்மேன் போனார், எலி போயிற்று, எண் போயிற்று, ஆறு வருஷத்துக்குப் பிறகு கையில் கிடைத்த என் விடுதலைப் பத்திரமும் போயிற்று. கழட்டி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டான். "தாத்தா போக முடியாம நான் பண்ணிட்டேன்" என்று ஒரே அழுகை. அவனை வெளியே எடுக்க நானும் மேசைக்கடியில் போக வேண்டியிருந்தது. உள்ளே போவது எளிது, வெளியே வருவதற்கு ஜட்ஜம்மா என் காலைப் பிடித்து இழுத்தாள்.

ஆனால் கம்பெனியின் பேர் அவளுக்கு நினைவிருந்தது. மறுநாள் காலையில் இணையத்தில் அவர்களுடைய புது எண்ணைத் தேடி எடுத்து, அதே லேண்ட்லைனில் கூப்பிட்டாள். முதலில் ஒருத்தர்.

"எங்களுக்குக் கிடங்கே கிடையாதும்மா."

"ஆனா வாட்ச்மேன் இருக்காரே சார்."

"கிடங்கே இல்லாதப்ப வாட்ச்மேன் எப்படிம்மா இருப்பாரு?"

"அவர் ஆறு வருஷமா இருக்காரு. நீங்கதான் சார் இல்ல."

அவர் போனை இன்னொருத்தருக்குத் தள்ளினார், அவர் இன்னொருத்தருக்கு. இப்படிப் பதினெட்டு பேர். கடைசியில் ஊழியர் பிரிவில் ஒரு அம்மா வந்தார்கள். அப்படியே உன் குரல், நான் எழுந்து நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். ஏதோ பழைய பட்டியலைப் புரட்டினார்கள். "இருக்காரு. சம்பளம் தானா போயிட்டிருக்கு. எந்த இடம்னுதான் போடல. ஒரு நாள்கூட லீவு எடுக்கலையா? ஐயையோ! நாலு நாள் என்ன, அவருக்கு மாசக்கணக்குல லீவு சேர்ந்து கிடக்கு. உடனே போகச் சொல்லும்மா." ஜட்ஜம்மா விடவில்லை. "எழுத்துல குடுங்க மேடம். நாங்க வாயால சொன்னா நம்ப மாட்டாரு." யார் வளர்த்த பிள்ளை! அரை மணியில் என் மின்னஞ்சலுக்கு உத்தரவு வந்துவிட்டது, முத்திரையோடு. அச்செடுத்து மேசையில் வைத்திருக்கிறோம். இஸ்திரிப் பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறோம்.

இப்போது நிலைமை இதுதான். உத்தரவு எங்களிடம், ஆள் அங்கே, நடுவில் எண் இல்லை. உன் பழைய போனில் எண் காட்டும் கண்ணாடியும் இல்லை. அடுத்த வியாழக்கிழமை நாலு மணிக்கு அவர் அறிக்கை வந்தால்தான் அதன் தலையிலிருந்து எண்ணை எடுத்து, அடுத்த நிமிஷமே உத்தரவை அனுப்ப முடியும். நீயோ புதன்கிழமை வருகிறாய். வந்ததும் முதல் வேலையாக நீயே போய் லைனை வெட்டப்போவதாக நேற்றுக்கூடச் செய்தி அனுப்பியிருக்கிறாய். வெட்டினால் அந்த மனுஷன் மறுபடி நீண்ட வரிச் சீட்டை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு பூட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். பேத்திக்குப் பல் முளைத்துவிடும். ஆகவே உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன்: ஒரே ஒரு நாள் பொறு. வியாழன் நாலு மணிக்கு எங்களோடு கூடத்தில் வந்து உட்கார். நாலேகாலுக்கு வெட்டிக்கொள், கத்தரிக்கோல் நான் எடுத்துத் தருகிறேன்.

சாட்சியத்துக்காக அந்த இரண்டு கறுப்புத் தாள்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எலி தெரியும் என்று கழட்டி சொல்கிறான். அந்த இருமலுக்கும் இப்போது விளக்கம் கிடைத்துவிட்டது: அது வாட்ச்மேனுடையது. கிடங்கில் எவ்வளவு தூசி இருக்கும், பாவம், இருமாமல் என்ன செய்வார்?

நீயும் மாப்பிள்ளையும் சகல சம்பத்தும் பெற்று, பயிற்சியில் முதலாவதாக வந்து, வழியில் நல்ல ஜன்னலோர இருக்கை கிடைத்து, வீட்டுக்குள் நுழையும்போது கூடத்தை உடனே பார்க்காமல் முதலில் பிள்ளைகளைப் பார்த்து, நீடூழி வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அண்ணன்,
ஆறு ஆண்டுத் தண்டனைக்குப் பின் நிரபராதி

பின்குறிப்பு: நான் எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் சாட்சிக் கையெழுத்துக்காக இதை ஜட்ஜம்மாவிடம் நீட்டினேன். அவள் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். மலையும் மேகமும் அடிபட்டன. பன்னிரண்டு நடை இல்லை, மூணு. சக்கரம் நம் தெருவிலேயே பூந்தொட்டிக்குப் பின்னால் கிடந்தது, ஒட்டியாயிற்று. மின்சாரம் என்னைத் தூக்கவில்லை, ரெக்கார்டரின் விளக்கு எரிந்ததும் நானே துள்ளினேன். பதினெட்டு பேர் இல்லை, ஐந்து. வாட்ச்மேன், பேத்தியின் பல், கறுப்புத் தாள், உத்தரவு, இவற்றுக்கு மட்டும் பக்கத்தில் சரி போட்டாள். கடைசியில் இருமலில் வந்து பென்சில் நின்றது. "ஃபேக்ஸ்ல இருமல் கேக்காது மாமா. அதுல குரலே போகாது. அவரே பாவம், அவர் மேல போய்ப் பழியைப் போடறீங்களே. இதை மாத்தினாத்தான் கையெழுத்து." நான் பேரம் பேசிப் பார்த்தேன். அவள் உன் பெண்.

ஆகவே எழுத்தில் தருகிறேன். நீ இந்த வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம், "யாரோ போன்ல பீப் பீப்னு கத்தறாங்கண்ணா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாய். அடுத்த வியாழன், நாலடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது, நான் கூப்பிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு நாலு பீப் போட்டேன். ஐந்தாவதில் இருமல் வந்துவிட்டது. இந்தத் தடவையும் நீ சிரிப்பாய் என்று காத்திருந்தேன். நீ வைத்துவிட்டாய். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன், அதற்குள் நீ தீர்ப்பு எழுதிவிட்டாய், நாள் தள்ளிக்கொண்டே போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. முந்நூற்றுச் சொச்சம் அழைப்புகளில் ஒன்றே ஒன்று, தங்கச்சி. அந்த இருமல் மட்டும் என்னுடையதுதான்.